சாட்சி பாட்டில்

பால் பண்ணைக்காரர் ஆர்மான் வில்லெட் வீட்டுக்கு யார் போனாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு தம்ளர் தண்ணீர் வந்துவிடும். சொந்தக் கிணற்றுத் தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. அதைக் குடித்து முடித்து, "இந்த ரோட்டுலயே இப்படித் தண்ணி கிடையாதுப்பா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் காபி. பாதிரியார் வந்தாலும் சரி, மாட்டு டாக்டர் வந்தாலும் சரி, அந்த வீட்டுச் சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தை ஆர்மானின் சொந்தத் தங்கை ஜோஸ்லின் வெகு நாளாகத் திருட்டுத்தனமாக மீறிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொண்டுவருவது ஆர்மானின் மகள் எலீஸ். ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விடுமுறையில் போயிருந்தன. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சொட்டு சிந்தாமல் நடந்துவருவாள். ஜோஸ்லின் வாங்கி உதட்டில் வைத்து, தொண்டையை ஏற்றி இறக்கிக் காட்டி, கடைசியில் "ஆகா" என்று ஒரு சத்தமும் போடுவாள். குழந்தை அந்தப் பக்கம் திரும்பியதும் தம்ளர் ஜன்னலோரத்து ஜெரேனியம் பூந்தொட்டியில் கவிழ்ந்துவிடும். ஊரில் மற்ற வீட்டு ஜெரேனியமெல்லாம் குளிரில் நோஞ்சானாகக் கிடக்க, அது மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி கொழுத்துக்கொண்டே போனது.

செடி கொழுக்கக் கொழுக்க ஜோஸ்லினுக்கு ஒன்றே தோன்றும். நாம் ஊற்றிவிடுகிறோம், குழந்தை குடிக்கிறதே.

ஜோஸ்லினுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. மெய்ன் மாநிலத்தில், வெஸ்ட் ஹாரோ என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கல்யாணம் ஆகி, ஆனது தெரிவதற்குள் முடிந்தும் போயிருந்தது. புருஷன் குளிர் ஆகவில்லை என்று ஃப்ளோரிடா போனார். அங்கே வெயில் பிடித்துப்போயிற்று, வெயிலோடு சேர்த்து இன்னொருத்தியும் பிடித்துப்போனாள். ஜோஸ்லின் அதற்கு அதிகம் அழவில்லை. காலையில் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள் அழ நேரம் விடவில்லை. ஒரு நாள் அவள் சீட்டில் கிரீம் கேக்கை வைத்திருப்பார்கள், அடுத்த நாள் கண்ணாடியில் உயிருள்ள தவளையை ஒட்டியிருப்பார்கள். எந்த நாய் குரைத்தால் எந்த வீடு, எந்த வீட்டுப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பிடாத பிள்ளைகளுக்கென்று ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். யாராவது நன்றி சொன்னால் திட்டுவாள்.

பயம் வந்தது பள்ளிக்கூட ஜிம்மில் நடந்த ஊர்க் கூட்டத்தில் வைத்து.

பக்கத்து ஊரில் ஒரு பால் பண்ணையை இழுத்து மூடியிருந்தார்கள். கிணற்றில் கெட்டது, புல்லில் கெட்டது, பாலில் கெட்டது என்றார்கள். அப்பா காலத்தில் லாரி லாரியாக வந்த கழிவுச் சேறுதான் காரணம். சாக்கடை ஆலையிலிருந்தும் காகித ஆலையிலிருந்தும் இலவச எரு என்று சொல்லிக் கொண்டுவந்து வயலில் கொட்டிவிட்டுப் போனார்கள். இப்போது ஆர்மான் வைத்திருக்கிற அதே பண்ணையில் ஜோஸ்லினின் அப்பா லாரிக்காரர்களுக்குக் காபி கொடுத்து, தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லி அனுப்பியவர். அந்தச் சேற்றில் இருந்த ரசாயனம் மக்காது, வேகாது, வயதாகிச் சாகவும் சாகாது. சாகாவரம் வாங்கிவந்த அசுரன் மாதிரி மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் விளக்க ஒரு அதிகாரி வந்தார். நிறையப் பேசினார். ஜிம்முக்குள் போகும்போது ஜனங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ அவ்வளவே வெளியே வரும்போதும் தெரிந்திருந்தது, கையில் ஒரு பிஸ்கட் மட்டும் கூடுதல். நடுவில் ஜோஸ்லின் எழுந்து, "ஐயா, அப்போ தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்ல கேள்விம்மா" என்றார் அதிகாரி. திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்த படத்தில் ஒரு அம்புக்குறி இருந்தது.

நல்ல கேள்விக்குப் பதில் எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று ஜோஸ்லின் விசாரித்தாள். பக்கத்து நகரத்து அரசுக் கல்லூரியில் 'நிலைத்த எதிர்காலத்துக்கான சுற்றுச்சூழல் கொள்கையும் மேலாண்மையும்' என்று ஒரு படிப்பு இருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்காலமே வந்துவிடும். சேர்ந்துவிட்டாள்.

அண்ணனிடம் சொன்னபோது ஆர்மான் மாட்டுத் தொழுவத்தில் குனிந்தபடியே சிரித்தார். "எதிர்காலமா? நாளைக்குத் தீவனம் வருமான்னே எனக்குத் தெரியல. நீ நூறு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு படிக்கப் போறியா? படி, படி. அப்படியே என் மூட்டுவலி எப்பப் போகும்னும் பார்த்துச் சொல்லு."

வகுப்பில் பாதிப் பேர் அவள் பஸ்ஸில் வந்த பிள்ளைகள். ஒரு காலத்தில் "உக்காருடா!" என்று அவள் அதட்டியவன் இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்குக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் போடக் கற்றுத்தந்தான். ஹோதன் என்று ஒரு சோமாலியப் பெண், லூயிஸ்டனிலிருந்து வருகிறவள், இருபது வயது, முதல் நாளே வந்து ஒட்டிக்கொண்டாள்.

"ஜோசிக்கா, நீங்க எதுக்குப் படிக்கிறீங்க? வேலைக்கா?"

"பயத்துக்கு."

"அடடே! எனக்கு ஃபீஸ் கட்டாமலே அது நிறைய இருக்கே!"

பயத்துக்குப் பெயர் தெரிந்தால் பாதி குறைந்துவிடும் என்று ஜோஸ்லின் நினைத்திருந்தாள். குறையவில்லை. முன்பு பெயரில்லாமல் சுற்றிய பயத்துக்கு இப்போது பெயர், குலம், கோத்திரம், அடிக்குறிப்பு எல்லாம் வந்துவிட்டது. கல்லீரல், சிறுநீரகம், குழந்தைகளின் உடம்பு என்று ஒவ்வொரு பாடமும் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் நேராக நடந்துபோய் எலீஸின் தம்ளரில் முடிந்தது.

கிம்பல் என்று ஒரு பேராசிரியை. மெலிந்தவர், சத்தமே போடாதவர். அவர் ஒரு நாள் மாதிரி விசாரணை நடத்தினார். சீட்டு எடுக்க வேண்டும், யாருக்கு என்ன வேஷம் வருகிறதோ அதுவாகப் பேச வேண்டும். ஹோதனுக்கு ஆலை முதலாளி வேஷம். இல்லாத சுருட்டைப் பிடித்துக்கொண்டு வந்து எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ஜோஸ்லினுக்கு வந்தது பால் பண்ணைக்காரர். எழுந்து நின்றாள். பிறகு அண்ணன் குரல் தானாக வந்தது. 'சோதனை வேண்டாம்னு சொல்லல, சாமி. வசந்த காலம் வரைக்கும் பொறுங்க. கன்னுங்க பொறக்கட்டும். பால் கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடட்டும். இத்தன வருஷம் குடிச்சோம், இன்னும் நாலு மாசத்துல என்ன ஆயிடும்?'

வகுப்பு கைதூக்கி ஓட்டுப் போட்டது. ஒத்திவைப்பு ஜெயித்தது. கிம்பல் நல்ல மதிப்பெண் போட்டார். ஜோஸ்லின் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அவ்வளவு சுலபமாக ஜெயிக்க முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் வருடம் இலையுதிர் காலத்தில் நிஜமான வேலை வந்தது. வெஸ்ட் ஹாரோவில் சேறு கொட்டிய ரோட்டில் இருக்கிற கிணறுகளில் வகுப்பே போய்த் தண்ணீர் எடுப்பது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது, முடிவை ஊர் மன்றத்தில் வைப்பது. எந்தெந்த வீட்டுக்கு மாநிலத்திடம் வடிகட்டியும் நஷ்டஈடும் கேட்பது என்று மன்றம் அதை வைத்துத்தான் முடிவுசெய்யும்.

தண்ணீர் எடுப்பதற்கு இருக்கிற ஆசாரம் இருக்கிறதே, மடிசஞ்சி தோற்றுவிடும். அந்தச் சாகாவரம் ரசாயனம் எதில்தான் இல்லை? மழை ஒட்டாத கோட்டில் இருக்கிறது, பர்கர் சுற்றிய காகிதத்தில் இருக்கிறது, முகக் கிரீமில்கூட இருக்கலாம். அதனால் பழைய பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், வாசனைத் திரவம் போடாமல் பலமுறை துவைத்ததாக இருக்க வேண்டும். கிரீம் கூடாது, காகிதம் சுற்றிய தீனி கூடாது, மழைக் கோட்டு கூடவே கூடாது. வகுப்பு முழுவதும் சோளக்கொல்லை பொம்மை மாதிரி வந்து நிற்கும். "எங்க அம்மா பார்த்தா நான் காலேஜ்ல இருந்து ஓடிப்போய்ட்டேன்னு நினைப்பாங்க" என்றாள் ஹோதன், வெடித்த உதட்டைத் தடவிக்கொண்டு.

இத்தனையும் மீறி எடுப்பவர் மேலிருந்து ஏதாவது ஒட்டிவிட்டால்? அதைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. ஆய்வுக்கூடத்திலிருந்து பரிசுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலில் வரும். கிணற்றடியில் வைத்து அதைத் திறந்து, காலிப் பாட்டிலுக்கு மாற்றி மூட வேண்டும். அந்தப் பாட்டில் சுத்தமாகத் திரும்பினால் கிணற்றுக் கணக்கு செல்லும். அதிலும் அழுக்கு இருந்தால் அழுக்கு எடுத்தவருடையது, கிணற்று முடிவு செல்லாது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சாட்சி பாட்டில்.

"பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது ஒண்ணுதான்" என்றார் கிம்பல்.

ஊரே சம்மதித்தது, ஆர்மான் மட்டும் மறுத்தார். யாராவது வந்தால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். அந்த நாய்க்குப் பதினைந்து வயது, அவிழ்த்துவிட்டாலும் படுத்துக்கொள்ளும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். கடைசியில் இறங்கிவந்தார். "ஜோசி கை மட்டும்தான் என் குழாயத் தொடணும். வேற யாரும் தொடக் கூடாது." கிம்பல் யோசித்தார். சொந்தக்காரி எடுப்பது சரியில்லைதான். ஹோதனும் கூடப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்லின் அண்ணன் வீட்டில் சாப்பிட்டாள். மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், பீன்ஸ். பயத்தை மறைக்க ஆசாரப் பட்டியலைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு கூடாது, கிரீம் கூடாது, சாட்சி பாட்டில் அழுக்கானால் எல்லாம் வீண், மறுபடி வசந்தத்தில்தான். அண்ணி கேரல் சிரித்தாள். ஆர்மான் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"வசந்தத்துலயே எடுத்துக்கயேன், ஜோசி."

"அண்ணே..."

"வேண்டாம்னு சொல்லல. கன்னுங்க பொறக்கட்டும். கம்பெனி கையெழுத்துப் போடட்டும். இத்தன வருஷம் குடிச்சாச்சு. நாலு மாசத்துல என்ன ஆயிடும்?"

வகுப்பில் தான் பேசியது ஜோஸ்லினுக்கு நினைவு வந்தது. கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அவள் வசனம். அதற்கு அவளுக்கு மதிப்பெண்கூடக் கிடைத்திருந்தது.

"தண்ணி வேணுமா அத்தை?" என்று எலீஸ் வந்து நின்றாள்.

கிளம்பும்போது கேரல் வாசல் வரை வந்தாள். கோட்டுப் பொத்தானை மாட்டிவிடுகிற சாக்கில் நெருங்கினாள். "எடுத்துடு" என்றாள், உதடு அசையாமல். "நான் சொன்னேன்னு சொல்லிடாத."

தண்ணீர் எடுக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மழை, பனியாக மாறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி பெய்கிற மழை. மான் வேட்டைக் காலம் வேறு. காட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது 'டம்' என்று ஒரு சத்தம் வரும், காக்கைகள் எழும்பி அடங்கும். வேட்டைக்காரர் கண்ணில் மானாகப் படாமலிருக்க ஊரில் எல்லோரும் ஆரஞ்சு நிறம் உடுத்துவார்கள். கல்லூரி கொடுத்த ஆரஞ்சுப் பருத்திச் சட்டை துவைத்துத் துவைத்து வெளுத்து, நனைந்ததும் என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் ஆகிவிட்டது.

குழாய் தொழுவத்துக்குப் பின்னால், காட்டைப் பார்த்து இருந்தது. ஜோஸ்லின் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடட்டும் என்று காத்திருந்தாள். சேற்றில் வேன் மாட்டிக்கொள்ளும் என்று ரோட்டிலேயே நிறுத்தியிருந்ததால், ஹோதன் ஐஸ் பெட்டி எடுக்கப் போயிருந்தாள். ஜோஸ்லினின் ஸ்வெட்டர் நனைந்து ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. பல் தந்தியடித்தது. குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடினாள். பிறகு சாட்சி பாட்டிலைத் திறந்து, சுத்தத் தண்ணீரைக் காலிப் பாட்டிலுக்கு மெதுவாகச் சாய்த்தாள்.

தோளில் ஏதோ கனமாக விழுந்தது. சூடாக இருந்தது.

அண்ணனின் வேட்டைக் கோட்டு. பளீரென்ற ஆரஞ்சு. மழை ஒட்டாதது. துளிகள் அதன் மேல் பாதரசம் போல உருண்டு, அவள் மணிக்கட்டு வழியே பாட்டிலின் வாய்ப்பக்கம் ஓடின. மாட்டுச் சாணம், டீசல், அண்ணனின் உடம்புச் சூடு எல்லாம் சேர்ந்து அடித்தது.

"இது ஒரு ஆரஞ்சா?" என்றார் ஆர்மான் பின்னாலிருந்து. "மான் வயிறு மாதிரி இருக்கு. பக்கத்துப் பொட்வின் வீட்டுப் பயலுக கண்ண மூடிக்கிட்டுச் சுடறவனுங்க. படிச்சவளா இருந்தா குண்டு திரும்பிப் போயிடுமா?"

காட்டுக்குள் 'டம்' என்றது.

ஜோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வெறும் சட்டையோடு மழையில் நின்றார். அவர் முகம் எப்போதும் பசுவின் முகம்தான், உள்ளே என்ன அசைபோடுகிறது என்று வெளியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன பட்டியல் அவருக்கு நினைவிருக்கிறதா? இருந்தும் போட்டாரா? சின்ன வயதில் பனிக்கட்டி உடைந்து அவள் குளத்தில் விழுந்தபோது இதே மாதிரி ஒரு கோட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணன்தான் இவர். அதே கை.

கழற்ற வேண்டும் என்று மூளை சொன்னது. தோள் கேட்கவில்லை. அவ்வளவு இதமாக இருந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சத்தமில்லாமல், நல்ல பிள்ளை மாதிரி வந்தது. மூடியைத் திருகிவிட்டால் போதும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி பாட்டில் அழுக்காகப் போகும், ஆய்வுக்கூடம் செல்லாது என்று சொல்லும், தரை உறைந்துவிடும், வசந்தம் வரும். கன்றுகள் பிறந்திருக்கும். கையெழுத்து விழுந்திருக்கும். மழை, என்ன செய்வது என்று கிம்பல்கூடச் சொல்லுவார். குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் மூடியைப் பாதிக்கு மேல் திருகி முடித்திருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று அவளுக்குத் தெரியாது.

"விருந்தாளிக்குத் தண்ணி!" என்று ஒரு குரல். எலீஸ் ரப்பர் பூட்ஸும் அம்மாவின் தொப்பியுமாகச் சேற்றில் வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தம்ளர், நாக்கு வெளியே. ஐஸ் பெட்டியோடு மூச்சிரைக்கத் திரும்பிவந்த ஹோதனிடம் நீட்டினாள்.

"என் தங்கமே, தொண்டை காஞ்சுதான் கிடக்கு!" என்று ஹோதன் வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காத!"

ஜோஸ்லின் கத்திய கத்தலில் காக்கைகள் எழும்பின. பள்ளிக்கூட பஸ் குரல் அது, கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். ஹோதன் தம்ளரைப் பிடித்தபடி சிலையானாள்.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் அத்தை?" என்றாள் எலீஸ். உதடு பிதுங்கியது. "நல்ல தண்ணிதானே. நான் இப்பக்கூடக் குடிச்சேனே."

ஆர்மான் மகளைப் பார்க்காமல் காட்டைப் பார்த்தார்.

ஜோஸ்லின் கோட்டைக் கழற்றினாள். இரண்டு பாட்டிலையும் சேற்றில் கவிழ்த்தாள். "ஹோதன், இன்னொரு செட்டு இருக்குல்ல? அத எடு. இது ஆகாது. என் மேல கோட்டு பட்டுடுச்சு."

ஹோதன் கோட்டைப் பார்த்தாள், ஆர்மானைப் பார்த்தாள். "அப்போ நீங்க எடுக்க முடியாதுக்கா. உங்க ஸ்வெட்டர் பூரா பட்டிருக்கு. நான்தான் எடுக்கணும்." பிறகு மெதுவாக, "ஆனா இவரு உங்க கை மட்டும்தான்னு..."

எல்லோரும் ஆர்மானைப் பார்த்தார்கள். மழை அவர் மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது, வசந்தம் வரைக்கும்.

அவர் குனிந்து எலீஸைத் தூக்கிக்கொண்டார். அவள் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு ஹோதனைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தார். "குழாய் இறுக்கமா இருக்கும்மா. இடது பக்கம் திருகு."

ஹோதன் புதுக் கையுறை மாட்டி எடுத்தாள். அண்ணனும் தங்கையும் தொழுவத்து இறவாரத்தில் நின்று, தீர்ப்புக்கு நிற்கிறவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோட்டு ஒரு ஆணியில் தொங்கியது. இரண்டு பேரும் நடுங்கினார்கள், இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

முடிவு வர வாரங்கள் ஆயின. ஜோஸ்லின் பஸ் ஓட்டினாள், பாடம் படித்தாள், தூங்கவில்லை. அண்ணன் வீட்டுக்குக் கடையிலிருந்து தண்ணீர்க் கேன் வாங்கிக் கொண்டுபோய் வாசலில் வைப்பாள். அடுத்த தடவை போனால் கேன் காலியாக இருக்கும். யார் குடித்தார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஒரு காலையில் கிம்பல் போன் செய்தார். "ஜோஸ்லின், சாட்சி பாட்டில் சுத்தமா இருக்கு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மத்தது நேர்ல வந்து கேக்கறீங்களா?"

"இங்கயே சொல்லுங்க மேடம்."

சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸை வேறொருவர் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டு அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் முதல் பனி விழுந்திருந்தது. சமையலறையில் ஆர்மான் மட்டும் இருந்தார், தொழுவத்து வேலை முடிந்து வந்த கோலத்திலேயே. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"கொஞ்சமா?"

"கொஞ்சமில்லண்ணே."

ஆர்மான் எழுந்துபோய் ஜன்னலோரத்து ஜெரேனியத்தின் ஒரு இலையைத் தேய்த்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இதுக்கு ஊத்துற?"

ஜோஸ்லின் தொட்டி மண்ணைப் பார்த்தாள்.

"செடிக்கு யாருமே தண்ணி ஊத்துறதில்லன்னு கேரல் சொல்லுவா. அப்புறம் எப்படி இப்படி வளருதுன்னு பார்த்தேன். ஒரு நாள் கண்ணாடியில தெரிஞ்சுது, நீ கவுக்கறது." அவர் இலையை விட்டுவிட்டார். "அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சுடி. என் தங்கச்சி குடிக்கல. புரிஞ்சும் எலீஸுக்குக் குடுத்தேன். கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னு கேக்காம இருந்தேன்."

"நானும்தான் சொல்லலண்ணே. செடிக்கு ஊத்திட்டுப் போனேன்."

பிறகு அவள் ஒன்று கேட்டாள். பயந்துகொண்டேதான் கேட்டாள். "அன்னிக்குக் கோட்டு, தெரிஞ்சுதான் போட்டியா?"

ஆர்மான் வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கிறவர் மாதிரி இல்லை, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி.

"நீ நடுங்கிக்கிட்டு நின்ன. கழட்டிப் போட்டேன்" என்றார். "அதுக்கு மேல எனக்கும் தெரியல, ஜோசி."

ரோட்டு முனையில் பால் லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வருகிற சத்தம். அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த மாடுகளின் இரண்டு நாள் பால் தொழுவத்துத் தொட்டியில் குளிர்ந்து கிடந்தது. கறந்தது, வடித்தது, ஊரெல்லாம் போகக் காத்திருந்தது. மாடிப்படியில் எலீஸ் இறங்கிவந்து, பள்ளிக்கூடப் பையோடு, எப்போதும்போல விருந்தாளிக்குத் தம்ளரை எடுக்கப் போனாள். எடுத்தவள் குழாய் முன்னால் நின்றுவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் காலித் தம்ளரையே கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தாள்.

ஜோஸ்லின் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆர்மான் பூட்ஸை மாட்டினார். லேஸைக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டார். அப்பா காலத்திலிருந்து அந்த லாரி வந்தால் தொழுவக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்று அவர் கதவைத் திறக்கவில்லை. வெறும் சட்டையோடு, பனியில் கால் இழுபட, ரோட்டு நடுவுக்குப் போய் நின்றார். லாரி வேகம் குறைக்காமல் வந்தது. ஓட்டுநர் கையசைத்தார், அண்ணன் குசலம் விசாரிக்க நிற்கிறார் என்று நினைத்திருப்பார்.

ஆர்மான் ஒரு கையை உயர்த்தி நிறுத்தினார்.

ஜன்னலிலிருந்து பார்த்த ஜோஸ்லினுக்கு அந்தக் கை நடுங்குவது தெரிந்தது. காலித் தம்ளரை வைத்துவிட்டு, கதவோரத்து ஆணியிலிருந்து ஆரஞ்சுக் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.